அழுகிப்போன பாறை

எங்கள் கொல்லை நிலத்தில் கிணறு வெட்ட ஆரம்பித்தபோது வீட்டில் இரண்டு கட்சி உண்டாயிற்று. அம்மாவுக்குத் தண்ணீர் வேண்டும். அப்பாவுக்கும் அக்காவுக்கும் எனக்கும் கல் வேண்டும்.

கிணற்றில் வருகிற கருங்கல்லைக் கொண்டே புது வீட்டுக்கு அஸ்திவாரம் போட்டுவிடலாம் என்று அப்பா சொல்லியிருந்தார். நாங்கள் இருந்தது கீற்றுக் கொட்டகை. மழை பெய்தால் அக்கா முதலில் பள்ளிக்கூடப் பையைத்தான் அணைத்துக்கொள்வாள். அம்மாவோ கோடை முழுக்கப் பெரியப்பாவின் கிணற்றுக்குக் குடத்தோடு நடந்தாள். பெரியப்பா தண்ணீரைத் தடுத்தவர் இல்லை. பெரியம்மா துணி துவைத்து முடிக்கும்வரை நிற்க வேண்டும், அவ்வளவுதான். எங்கள் மரவள்ளிதான் அதுவரை காத்திருக்க முடியாமல் வாடிக்கொண்டிருந்தது.

முதலில் செம்மண் வந்தது. அடுத்து வெள்ளை வெள்ளையாகச் சுக்கான் கல். மழைத் தண்ணீரில் கரைந்த சுண்ணாம்பு மண்ணுக்குள் இறங்கி, ஈரம் காய்ந்ததும் கட்டியாகிவிடும். அதுதான் சுக்கான். அப்போது எனக்கு அது தெரியாது. யாரோ தின்று போட்ட எலும்பு என்று நினைத்தேன்.

அதற்கும் கீழே பாறை வந்தது. அப்பா ஓடிப்போய், மேலே வந்த கூடையிலிருந்து ஒரு கல்லை எடுத்து அழுத்தினார். அது கையிலேயே உதிர்ந்தது. துருப்பிடித்த ஆணியின் நிறம். நடுவே மினுமினுக்கும் துகள்கள்.

வேடிக்கை பார்க்க வந்த பெரியப்பா விடவில்லை. “இன்னாடா, கெணத்துல பாற வருதா, ரவ வருதா? உப்புமா கிண்டலாம் போலகீதே.”

“வூடு கட்டலாம்னு இருந்தேண்ணா. பாறையே அழுகிக் கெடக்குது,” என்றார் அப்பா.

கிணறு வெட்டும் மேஸ்திரி வழி சொன்னார். வரப்போரம் கெட்டிப் பாறை தலை காட்டுகிறது. இந்தக் குழியை மூடிவிட்டு அங்கே வெட்டினால் கல் ஜாஸ்தி வரும். அப்பா தலையாட்டிவிட்டார். நானும் ஆட்டினேன்.

அம்மா குடத்தைக் கீழே வைத்தாள். “கல்லு வரும். கல்லயா காச்சிக் குடிப்பீங்க? கூர ஒழுவுனா ஒழுவிட்டுப் போவுது. இங்கயே வெட்டச் சொல்லுங்க.”

அக்கா சட்டென்று கட்சி மாறிவிட்டாள். இரண்டாவது குடம் தூக்குகிறவள் அவள்தானே. மறுநாள் அதே குழியில்தான் கடப்பாரை இறங்கியது.

சில நாள் கழித்துப் பாறைச் சுவர் வேர்த்தது. பிறகு ஒரு விரிசலிலிருந்து விரல் தடிமனுக்குத் தண்ணீர் வழிய ஆரம்பித்தது. கலங்கல் தெளிந்ததும் முதல் குடத்தை அம்மா பெரியம்மாவுக்குக் கொடுத்தனுப்பினாள். அதில் மரியாதை எவ்வளவு, பழி எவ்வளவு என்று இன்றுவரை நான் கேட்டதில்லை.

எங்கள் கொல்லையிலிருந்து தெரியும் கல்வராயன் மலையும் எங்கள் கிணற்றுப் பாறையும் ஒரே குடும்பம். பூமிக்குள் வெகு ஆழத்தில் சூட்டிலும் அழுத்தத்திலும் வெந்து இறுகிய கல். உருமாறிய பாறை என்று உங்கள் பாடப் புத்தகத்தில் இருக்கும். அதன் மேலே கிடந்ததெல்லாம் காலம் காலமாகக் கரைந்து போக, அது வெளியே வந்தது. வெயில் அதை விரித்தது, மழை உள்ளே புகுந்தது, வேர் பிளந்தது. கெட்டிக் கல் தண்ணீரை உள்ளே விடாது. அழுகி விரிசல் கண்ட கல்தான் பிடித்து வைத்துக்கொள்ளும்.

மரவள்ளி நிமிர்ந்தது. அஸ்திவாரக் கல் பிறகு வேறு இடத்திலிருந்து வண்டியில் வந்து, வீடும் எழுந்தது. கிணற்றிலிருந்து எடுத்த உதவாத கல்லெல்லாம் வரப்போரம் குவியலாகக் கிடந்தது. சில மழைக்காலம் நனைந்து, குவியல் சரிந்து, அதன்மேல் ஒரு பூசணிக்கொடி ஏறியது. கல்லில் போய்ச் செடி முளைக்குமா என்று ஒரு கிளைக்கொடியைப் பிடுங்கிப் பார்த்தேன். வேரில் ஒட்டி வந்தது மண், துரு நிறத்தில், நடுவே மினுமினுக்கும் துகள்களோடு. யாரோ எனக்குத் தெரியாமல் மண்ணைக் கொண்டுவந்து கொட்டியிருக்கிறார்கள் என்று முடிவுகட்டி, ரொம்ப நாள் அக்காவைச் சந்தேகப்பட்டேன்.