தலைவருக்கு ஓட்டில்லை

கட்சித் தலைமை அலுவலகத்தில் இரண்டாவது மாடி, படியேறியதும் இடதுபக்கம் மூன்றாவது அறை. அங்கே முப்பத்தொரு வருஷமாக ஒரே மேசையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவளைப் பட்டியலக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். கட்சியில் யார் உறுப்பினர், யார் இல்லை என்பதற்கு அவள் வைத்திருக்கும் பட்டியல்தான் கடைசி வார்த்தை. மந்திரியே வந்து நின்றாலும் அதில் பெயர் இருந்தால்தான் கட்சிக்காரர். இல்லாவிட்டால் வழியோடு போகிற ஆள், அவ்வளவுதான். இதை அக்கா வாய்விட்டுச் சொன்னதில்லை. கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு அவள் பார்க்கிற பார்வையிலேயே தெரிந்துவிடும்.

சும்மா சொல்லக்கூடாது, வேலையில் அப்படி ஒரு கறார். வருஷா வருஷம் மார்ச் முப்பத்தொன்றாம் தேதி மாலை ஐந்து மணிக்குள் உறுப்பினர்கள் புதுப்பிப்புப் படிவத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட வேண்டும். தவறினால் அந்த வருஷம் பெயர் போச்சு, ஓட்டும் போச்சு. ஒருமுறை ஒரு மாவட்டச் செயலாளர், லிஃப்ட் வேலை செய்யவில்லை என்று படியில் ஓடிவந்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படிவத்தை நீட்டினார். மணி ஐந்து மூன்று. அக்கா அவருக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தாள், உட்காரச் சொன்னாள், படிவத்தை மட்டும் வாங்கவில்லை. "சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதாங்க" என்றாள். அந்த ஒரு வாக்கியத்தை வைத்தே முப்பத்தொரு வருஷத்தை ஓட்டியவள் அவள்.

இந்த வருஷம் ஏப்ரல் நடுவில் தலைவர் ஓர் அறிக்கை விட்டார். இருபத்திரண்டு வருஷம் கட்சியையும் நாட்டையும் சேர்த்து நடத்தியவர். வயது எழுபத்தெட்டு, போதாக்குறைக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை. போதும், விலகிக்கொள்கிறேன், அடுத்தவரைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள் என்று நாலே வரியில் முடித்துவிட்டார். கட்சியின் தேசியக் குழுவில் இருநூற்று நாற்பத்தொரு பேர். அவர்கள் ரகசிய வாக்கெடுப்பில் யாரைத் தேர்ந்தெடுக்கிறார்களோ அவரே கட்சித் தலைவர், நாட்டுக்கும் அவரே தலைவர். நிதி அமைச்சர் நின்றார். உள்துறை அமைச்சரான அம்மாளும் நின்றார். அதுவரை யாரும் சீந்தாத தேசியக் குழு உறுப்பினர்களுக்குத் திடீரென்று ஏக மவுசு. எங்கோ மூலையில் இருந்தவர்களின் வீட்டு வாசலிலெல்லாம் பெரிய பெரிய கார்கள் வந்து நின்றன.

அக்காவின் அண்ணன் வீட்டு வாசலில் மட்டும் எதுவும் வந்து நிற்கவில்லை.

அண்ணன் வெளியூரில் லேத்துப் பட்டறை வைத்திருப்பவர். நாற்பது வருஷக் கட்சிக்காரர். சுவரொட்டி ஒட்டியவர், கூட்டத்துக்கு நாற்காலி போட்டவர், மேடையில் இருப்பவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தவர். போன வருஷம்தான் முதன்முதலாகத் தேசியக் குழுவுக்கு வந்தார். மார்ச் கடைசியில் ஓர் இடைத்தேர்தலுக்காகப் பத்து நாள் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு வீடு திரும்பி, மேசை மேல் கிடந்த படிவத்தைப் பார்த்ததும் அடித்துப் பிடித்து அனுப்பினார். அது வந்து சேர்ந்தது ஏப்ரல் இரண்டாம் தேதி. அக்கா அவர் பெயரை அடித்துவிட்டாள்.

தலைவரின் அறிக்கை வந்த அன்றே அண்ணன் ஃபோன் பண்ணினார். "ரெண்டே நாள்தானேம்மா. அதுவும் கட்சி வேலைக்குத்தானே போயிருந்தேன். இந்த ஒரு ஓட்டுக்காகத்தானே நாப்பது வருஷம் அலைஞ்சேன்."

"சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதாண்ணே" என்றாள் இவள்.

அந்தப் பக்கம் ஃபோனை வைத்துவிட்டார்கள். அதற்கப்புறம் ஆறு வாரம் பேச்சுவார்த்தையே இல்லை. அண்ணி ஒருமுறை கூப்பிட்டு, "என்னமோ போ, அவர் சரியாச் சாப்பிடறதுகூட இல்ல" என்று சொல்லிவிட்டு வைத்தாள். அக்காவுக்குக் கூடப் பிறந்தவர் அவர் ஒருவர்தான். ராத்திரி கணவரிடம், "நான் செஞ்சது தப்பாங்க?" என்று கேட்டாள். பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவர் அவர். "எனக்கென்ன தெரியும்? வண்டி கிளம்பிடுச்சுன்னா மச்சான் ஓடிவந்தாலும் நிறுத்தக்கூடாதுன்னுதான் டிப்போல சொல்வாங்க. நான் நிறுத்தியிருக்கேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

வாக்கெடுப்புக்கு நாலு நாள் முன்பு, புதன்கிழமை. மறுநாள் காலை பத்து மணிக்குள் வாக்காளர் பட்டியலைத் தேர்தல் அதிகாரியிடம் ஒப்படைக்க வேண்டும். அவர் ஓய்வுபெற்ற நீதிபதி, ஒரு கமா இடம் மாறியிருந்தாலும் திருப்பி அனுப்புகிற மனிதர். அக்கா கதவைச் சாத்திக்கொண்டு எண்ணத் தொடங்கினாள். மொத்தம் இருநூற்று நாற்பத்தொன்று. விடுபட்டவர்கள் மூன்று பேர்: வெளிநாட்டுக்குக் குடிபோன ஒரு டாக்டர், கோபித்துக்கொண்டு படிவமே அனுப்பாத ஒரு வக்கீல், அண்ணன். மீதி இருநூற்று முப்பத்தெட்டு வர வேண்டும்.

இருநூற்று முப்பத்தேழுதான் வந்தது.

மறுபடி எண்ணினாள். முப்பத்தேழு. ஒவ்வொரு பெயராக விரல் வைத்து, வாய்விட்டுப் படித்து, மூன்றாம் முறையும் எண்ணினாள். அதே முப்பத்தேழு. போன வருஷப் பட்டியலை எடுத்துப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டாள். முதல் வரியிலேயே விரல் நின்றுவிட்டது. போன வருஷம் முதல் பெயர் தலைவருடையது. இந்த வருஷம் அந்தப் பெயரே இல்லை.

எப்படி என்று யோசிக்க ரொம்ப நேரம் ஆகவில்லை. தலைவர் ஒருநாளும் தானாகப் படிவம் அனுப்பியதில்லை. நாட்டை ஆளுகிற மனிதரிடம் போய், நீங்கள் கட்சியில் தொடர்கிறீர்களா என்று யார் கேட்பது? அதனால் வருஷா வருஷம் மார்ச் மாதம் அக்காவே படிவத்தை அழகாக எழுதி, நாலாவது மாடிக்கு எடுத்துக்கொண்டு போய், கையெழுத்தை வாங்கிக்கொண்டு வந்துவிடுவாள். இந்த மார்ச்சில் மகளுக்குப் பிரசவம். அக்கா மூன்று வாரம் விடுப்பு. அவள் இடத்தில் உட்கார்ந்த கடிதப் பிரிவு ஊழியரைக் கூப்பிட்டுக் கேட்டாள்.

"தலைவர் ஃபாரமா?" என்று அவர் வாயைப் பிளந்தார். "அவர்கிட்டப் போயி யாருக்கா கேப்பாங்க? அது தானா வந்துடும்னு நெனச்சேன்."

அவரைத் திட்டி என்ன பிரயோசனம்? அறையில் அக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. விஷயம் இவர்கள் இருவரைத் தவிர யாருக்கும் தெரியாது. ஒரு படிவத்தில் பழைய தேதியைப் போட்டுவிட்டால் முடிந்தது. ஆனால் தலைவருக்குப் பழைய தேதி போட்டால், அண்ணன் என்ன பாவம் செய்தார்? இரண்டு நாள் பிந்தியவருக்கு முடியாது என்று சொன்ன அதே வாயால், இரண்டு மாதம் பிந்தியவருக்குச் சரி என்று சொல்வதா? தலைவர் பெயர் இல்லாமலே விட்டுவிடலாம் என்றால், அதற்கும் துணிச்சல் வரவில்லை. கடைசியில் ஒரு படிவத்தை எடுத்தாள். முழுக்க எழுதினாள். தேதிக் கட்டத்தில் மார்ச் முப்பது என்று போட்டாள். முப்பத்தொரு வருஷத்தில் அவள் எழுதிய முதல் பொய்த் தேதி. அதையும் பட்டியலையும் ஒன்றாகப் பிடித்துக்கொண்டு நாலாவது மாடிக்குப் போனாள். எதை நீட்டப்போகிறோம் என்று அவளுக்கே தெரியாது.

தலைவர் ஒரு காலை முக்காலி மேல் நீட்டியபடி நாற்காலியில் சாய்ந்திருந்தார். தனிச்செயலர் பக்கத்தில் நின்றார். அக்கா நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள்.

"இதெல்லாம் ஒரு விஷயமாம்மா?" என்றார் செயலர். "தேதிதான் போட்டுட்டீங்களே. ஐயா ஒரு கையெழுத்துப் போட்டா ஆச்சு."

தலைவர் படிவத்தை வாங்கி, கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார். "மார்ச் முப்பதா? அன்னிக்கு எனக்கு ஆபரேஷன்மா. மயக்கத்துல கெடந்தேன். அன்னிக்குக் கையெழுத்துப் போட்டேன்னு சொன்னா டாக்டரே சிரிப்பார்."

அக்காவுக்கு முகம் சுருங்கிவிட்டது. பொய் சொல்வதற்கும் ஒரு பழக்கம் வேண்டியிருக்கிறது பாருங்கள்.

"வேற யார் பேரெல்லாம் போச்சு?" என்று கேட்டார் தலைவர்.

"மூணு பேருங்கய்யா. ஒரு டாக்டர், ஒரு வக்கீல்." கொஞ்சம் நிறுத்தி, "இன்னொருத்தர் எங்க அண்ணனுங்க" என்றாள்.

"சொந்த அண்ணனா? எவ்வளவு நாள் லேட்டு?"

"ரெண்டு நாளுங்கய்யா."

தலைவர் அவளையே பார்த்தார். பிறகு சிரித்தார். பெரிய மனுஷத்தனமான சிரிப்பெல்லாம் இல்லை, தப்பித்தவன் சிரிக்கிற சிரிப்பு. "போட்டியில நிக்கற ரெண்டு பேரும் காலையில ஒருதரம் சாயங்காலம் ஒருதரம் வந்து உட்கார்ந்துக்கறாங்கம்மா. அவர் பழம் கொண்டுவந்தா இந்தம்மா அதைவிடப் பெரிய கூடை கொண்டுவர்றாங்க. யாருக்குப் போட்டாலும் இன்னொருத்தர் சாகறவரைக்கும் என்னைத் திட்டுவாங்க. எனக்கு ஓட்டே இல்லன்னா நிம்மதி. பேர் இல்லாமலே அனுப்புங்க. இதைக் கிழிச்சிடுங்க."

அக்கா படிவத்தைக் கிழித்துப் போட்டாள். வியாழக்கிழமை காலை ஒன்பதரைக்கே பட்டியல் நீதிபதி கைக்குப் போய்விட்டது.

சாயங்காலத்துக்குள் விஷயம் பற்றிக்கொண்டது. தலைவருக்கே ஓட்டில்லை என்று மறுநாள் எல்லாப் பத்திரிகையிலும் முதல் பக்கம். சொந்த அண்ணன் பெயரையும் நாட்டின் தலைவர் பெயரையும் ஒரே பேனாவால் அடித்த அலுவலர் என்று எழுதித் தள்ளினார்கள். கீழ்த்தளத்துக் காவலாளி எழுந்து நின்று வணக்கம் சொன்னார். மகள் ஃபோனில், "அம்மா, கலக்கிட்ட போ!" என்றாள். பொய் எழுதிய படிவம் ஒன்று இருந்ததை அக்கா யாரிடமும் சொல்லவில்லை. புகழ் யாருக்குத்தான் கசக்கும்? அவளுக்கு இனிக்கத்தான் செய்தது.

ஞாயிற்றுக்கிழமை அலுவலகத்தின் கீழ்த்தள மண்டபத்தில் வாக்கெடுப்பு. ஓட்டு இல்லாவிட்டாலும் அண்ணன் வந்திருந்தார். மண்டபத்துக்கு வெளியே, வராந்தா பெஞ்சில் ஓரமாக உட்கார்ந்திருந்தார். மதியம் இரண்டு மணிக்கு முடிவு வந்தது. உள்துறை அமைச்சருக்கு நூற்றுப் பத்தொன்பது, நிதி அமைச்சருக்கு நூற்றுப் பதினேழு, ஒன்று செல்லாத ஓட்டு. இரண்டே ஓட்டு வித்தியாசத்தில் நாட்டுக்குப் புதிய தலைவர். விடுபட்டவர்களோ நாலு பேர். அந்தக் கணக்கை அக்கா மனசுக்குள் போடாமல் இருக்க எவ்வளவோ பார்த்தாள், முடியவில்லை.

கூட்டம் கலைந்ததும் அண்ணன் இரண்டாவது மாடிக்கு வந்தார். அக்கா எழுந்து நின்றாள்.

"யாருக்குப் போட்டிருப்பேன்னு கேக்காத. அது போகட்டும்" என்று சொல்லிக்கொண்டே எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். "உன்மேல எனக்கு ஆறு வாரமாக் கோவம்மா. நெஜமாச் சொல்றேன், நீ செத்தாக்கூட வரக்கூடாதுன்னு நெனச்சேன். தலைவர் பேரும் போச்சுன்னு பேப்பர்ல பார்த்தேன் பாரு, மனசு அப்படியே ஆறிப்போச்சு. பட்டறைக்கு வர்றவங்ககிட்டல்லாம் பேப்பரைக் காட்டினேன். எந்தங்கச்சிக்கு நானும் ஒண்ணுதான், தலைவரும் ஒண்ணுதான்னு சொன்னேன்."

அக்கா ஆறு வாரமாக எந்த வார்த்தைக்காக ஏங்கினாளோ அதைவிடப் பெரிய வார்த்தையாகவே வந்துவிட்டது. அத்தோடு விட்டிருந்தால் எல்லாம் சுபம்.

"ஆமா, அவர் ஃபாரம் எப்படி விட்டுப்போச்சு? அவ்வளவு பெரிய மனுஷன் மறந்துட்டாரா?" என்று கேட்டார் அண்ணன்.

ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். அண்ணன் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல அவளுக்கு வரவில்லை. "அவர் எங்கண்ணே அனுப்பினார்? வருஷா வருஷம் நான்தான் எழுதி எடுத்துட்டுப் போய்க் கையெழுத்து வாங்குவேன். இந்தத் தடவை லீவுல போயிட்டேனா, விட்டுப்போச்சு. போன புதன்கிழமைகூட ஒண்ணு எழுதித்தான் எடுத்துட்டுப் போனேன், பழைய தேதி போட்டு. அவர்தான் வேணாம்னுட்டார்."

அண்ணன் மேசை விளிம்பை விரலால் தடவிக்கொண்டிருந்தார்.

"அவர் வேணும்னு சொல்லியிருந்தா?"

"சேர்த்திருப்பேண்ணே."

"இருபத்திரண்டு வருஷமா நீயே எழுதிக் கொண்டுபோனியா?"

"ஆமா."

"மார்ச் இருபத்தஞ்சாந் தேதி எனக்கு ஃபோன் பண்ணினே, பேத்தி பொறந்திருக்கான்னு சொல்ல. கால் மணிநேரம் பேசினோம். நான் வெளியூர்ல சுத்திட்டிருக்கேன்னு அப்பவே சொன்னேன்." நிதானமாகத்தான் கேட்டார். "அண்ணே, ஃபாரம் அனுப்பிட்டியான்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேம்மா?"

அக்காவின் நாக்கில் பதில் தயாராக இருந்தது. சொந்தக்காரருக்கு மட்டும் ஞாபகப்படுத்தினால் அது பாரபட்சம், அதனால்தான் கேட்கவில்லை என்று சொல்லலாம். கேட்க எவ்வளவு நியாயமாக இருக்கும்! ஆனால் அது உண்மையில்லை. அன்றைக்கு அந்த நினைப்பே அவளுக்கு வரவில்லை.

"தோணலண்ணே" என்றாள்.

அண்ணன் தலையாட்டினார். "அவருக்கு மட்டும் வருஷா வருஷம் தோணிச்சேம்மா" என்றார்.

கத்தியிருந்தால் பதிலுக்கு இவளும் கத்தியிருப்பாள். சிறுவயதிலிருந்து அப்படித்தான் அவர்கள் சண்டை தீரும். அவர் கத்தவில்லை. நாலு மணி பேருந்தைப் பிடிக்க வேண்டும், அண்ணி காத்துக்கொண்டிருப்பாள் என்று எழுந்துகொண்டார். அக்கா அவர் கூடவே படியிறங்கி வாசல் வரைக்கும் போனாள், அழுதுகொண்டே போனாள், எதிரே வந்து கை கொடுத்தவர்களைப் பார்க்கவும் இல்லை.