இரண்டு வருஷத்துக்கு நடுவில் விழுந்த ஆல்பம்

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லி விசாரித்தால் அந்தத் தெருவில் யாரும் வழி காட்ட மாட்டார்கள். தேதி அண்ணன் என்று கேட்டால்தான் ஆள் தெரியும். புதிதாக வந்த மெட்டல் இசை ஆல்பம் ஒன்றைப் பற்றி எவனாவது வாயைத் திறந்தால் போதும், "இங்கே எந்தத் தேதியில வந்துச்சு?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. யார் பாடுகிறார்கள், கிதார் எப்படி என்பதெல்லாம் அப்புறம். அவர் மனைவி போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாள்: நான் பிள்ளை பெற்ற அன்றுகூட இந்த மனுஷன் பிள்ளை எப்படி இருக்கு என்று கேட்கவில்லை, பிறந்தது ராத்திரி பன்னிரண்டு மணிக்கு முன்னாலா பின்னாலா என்றுதான் நர்ஸைக் குடைந்தார். அவர் மறுத்ததே இல்லை.

தொழில், பல் செட் செய்வது. பல் டாக்டர்கள் அனுப்பும் அச்சைப் பார்த்து, சொந்தமாக வைத்திருக்கும் சின்ன லேபில் உட்கார்ந்து, அராவி, மெருகேற்றி, சிரிக்கத் தயாரான பற்களாகத் திருப்பி அனுப்புவார். அராவுகிற மிஷின் போடும் சத்தம் இருக்கிறதே, பக்கத்தில் நிற்பவன் பேசினாலும் வாயசைவுதான் தெரியும். சின்ன வயதில் இன்னொருவரிடம் வேலைக்கு இருந்தபோது ரேடியோவில் எந்தப் பாட்டை வைத்தாலும் மிஷின் விழுங்கிவிடும். அப்போது உடன் வேலை செய்தவன் ஒருநாள் ஒரு மெட்டல் கேசட்டைப் போட்டான்: இடி மாதிரி டிரம்ஸ், ரம்பம் மாதிரி கிதார், தொண்டை கிழியக் கத்தல். அன்றைக்கு மிஷின் தோற்றது. அதிலிருந்து பிடித்த பைத்தியம், இன்னும் தெளியவில்லை. ஆளைப் பார்த்தால் நம்பவே மாட்டீர்கள். முழுக்கைச் சட்டை, படிய வாரிய தலை, அதிர்ந்து ஒரு சொல் பேசத் தெரியாத வாய். இவரா இந்தக் கத்தலைக் கேட்கிறவர் என்று புதிதாகப் பார்ப்பவர்கள் வாயைப் பிளப்பார்கள்.

டிசம்பர் வந்துவிட்டால் அவரைக் கையில் பிடிக்க முடியாது. இசைத்தட்டுக் கடையின் பின்னறையில் மூன்று பேர் கூடுவார்கள்: இவர், கடைக்காரர், மெட்டலென்றால் சோறு தண்ணி வேண்டாம் என்கிற ஒரு கணக்கு டீச்சர். அடிபிடியாகச் சண்டை போட்டு, அந்த வருஷத்தின் சிறந்த பத்து மெட்டல் ஆல்பங்களைப் பொறுக்கி, இணையத்தில் போட்டு, கடைக் கதவிலும் ஒட்டுவார்கள். சிரிக்காதீர்கள். சுற்றுவட்டாரத்தில் கிதார் பிடிக்கிறவன், டிரம்ஸ் அடிக்கிறவன் அத்தனை பேரும் அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

தேர்வுக்கு ஒரு விதி உண்டு, அதைப் போட்டவர் தேதி அண்ணன்தான். ஒரு ஆல்பம் உலகத்தில் எங்கே எப்போது வெளிவந்திருந்தாலும் சரி, நம் கடையில் பெட்டி பிரிக்கப்பட்ட வருஷம்தான் அதன் வருஷம். இதற்குப் பின்னால் ஒரு பழைய வயிற்றெரிச்சல் இருந்தது. வாலிபத்தில் அவர் வாங்கிய வெளிநாட்டுப் பத்திரிகைகள் டிசம்பரில் சிறந்த பத்து என்று போடும்; அதில் பாதி இங்கே வந்தே இருக்காது. ஒரு நாட்டில் ஒரு மாதம் முன்னால், அதுவும் கூடுதலாக ஒரு பாட்டோடு வரும். இன்னொரு நாட்டில் ஆறு மாதம் கழித்து வரும். இங்கே வந்து சேர்ந்து இவர் ஆசையாகக் கேட்கும்போது, அது போன வருஷத்துச் சரக்கு என்று அதே பத்திரிகை உதட்டைப் பிதுக்கும். நம் காதில் விழாத பாட்டுக்கு வருஷத்தை முடித்து வைக்க இவன் யார் என்று அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். நியாயமான கோபம்தான், என்ன சொல்கிறீர்கள்?

இப்போது தங்கச்சிக்கு வருவோம். அவருக்கு ஒரே தங்கச்சி, வயதில் ரொம்பச் சின்னவள். அப்பா போன பிறகு அவளை வளர்த்து ஆளாக்கியது அவர்தான். பள்ளிக்கூடம் விட்டு வந்து லேபின் மூலையில் உட்கார்ந்து, பல் அச்சு வார்க்கும் மாவு தீர்ந்த டப்பாக்களைக் கவிழ்த்துப்போட்டுத் தட்டிக்கொண்டிருந்தவள், வளர்ந்து டிரம்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்தாள். பிழைப்புக்கு லிஃப்ட் மெக்கானிக். அவளும் இன்னும் மூன்று பேரும் சேர்ந்து நடத்திய மெட்டல் குழுவை வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று கூப்பிட்டு ஆல்பம் போட்டது. அங்கே நவம்பரில் வந்துவிட்டது. இங்கே வரவேண்டிய பெட்டிகள் கப்பலில் தூங்கி, துறைமுகத்தில் தூங்கி, கடைக்கு வந்தது ஜனவரியில்.

அந்த டிசம்பரில், இங்கே வராததை எடுக்க முடியாதும்மா, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார். ரூல்னா ரூல்தானே அண்ணா என்று அவளும் சிரித்துக்கொண்டே போனாள். ஜனவரியில் பெட்டி பிரித்ததும் முதல் தட்டை அண்ணன் கையில்தான் கொடுத்தாள். அவர் அதை லேபில் மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்டார். அவர் மிஷினை நிறுத்திக் கேட்ட ஆல்பங்கள் சொற்பம். கேட்டு முடித்தபோது கண் கலங்கியிருந்தது, நெஞ்சு நிறைந்திருந்தது, நம் வீட்டுப் பெண்ணா இது என்று பெருமை தாங்கவில்லை. ஆனால் அவளிடம் வாயைத் திறக்கவில்லை. தேர்வு செய்கிற இடத்தில் இருப்பவன் இப்போதே புகழ்ந்தால் தங்கச்சிக்குத் தூக்கிப் பிடிக்கிறான் என்று நாலு பேர் பேசுவார்களே! டிசம்பரில் மற்ற இரண்டு பேரும் சேர்ந்து சொல்லட்டும் என்று மென்று விழுங்கிவிட்டார்.

நடுவில்தான் அந்தக் கூத்து நடந்தது. எல்லாம் கைபேசியிலேயே கேட்கிற காலத்தில் பெட்டி பிரிக்கிற கணக்கு எதற்கு, போன வருஷத்துப் பாட்டை இந்த வருஷத்தில் சேர்க்கிறீர்கள் என்று படிக்கிறவர்கள் கிண்டல் செய்யத் தொடங்கினார்கள். டீச்சரும் அதையே சொன்னாள். தேதி அண்ணன் ரொம்ப நாள் முரண்டு பிடித்துவிட்டுக் கடைசியில் இறங்கி வந்தார். இனி உலகத்தில் முதலில் எங்கே வந்ததோ அந்தத் தேதிதான் கணக்கு என்று புது விதி எழுதி, பெருந்தன்மையாகக் கையெழுத்தும் போட்டார்.

டிசம்பரில் பின்னறையில் உட்கார்ந்தார்கள். ஒவ்வொரு ஆல்பமாகப் பேசிக்கொண்டே வந்தபோது கடைக்காரர்தான் கேட்டார், உங்க தங்கச்சியோடது எங்கே என்று. டீச்சர் தாள்களைப் புரட்டினாள். புது விதிப்படி அது போன வருஷத்து ஆல்பம். போன வருஷமோ பழைய விதிப்படி அதை வெளியே நிறுத்தியாயிற்று. இரண்டுங்கெட்டானாக நடுவில் விழுந்துவிட்டது. தேதி அண்ணனுக்கு முகத்தில் ஈயாடவில்லை. நம்ம ரூல்தானே, கண்டும் காணாமல் சேர்த்துவிடலாம் என்று கடைக்காரர் சொல்லிப் பார்த்தார். ஊருக்கு ஒரு நியாயம், தங்கச்சிக்கு ஒரு நியாயமா என்று தேதி அண்ணன் எழுந்து வந்துவிட்டார்.

வீட்டில் மனைவி விட்டுவைக்கவில்லை. தங்கச்சி தன்னிடம் சொன்னதை அப்படியே எடுத்துச் சொன்னாள்: எங்கள் குழுவில் ஏற்கெனவே இரண்டு பேருக்கு ஆர்வம் விட்டுப்போயிற்று, சொந்த ஊரிலேயே ஒருத்தரும் நல்லாயிருக்கு என்று சொல்லாததை எதற்கு அடித்துக்கொண்டிருக்க வேண்டும், நானும் நிறுத்திவிடலாமென்று பார்க்கிறேன் அண்ணி. "ஒரு வருஷமா அந்தப் பொண்ணு உங்க வாயைத்தான் பாத்துக்கிட்டு இருக்கா. போங்க, போயி சொல்லுங்க" என்றாள்.

மறுநாள் மதியம் அவர் தங்கச்சியைத் தேடிப்போனார். உயரமான ஆபீஸ் கட்டடம் ஒன்றின் மொட்டைமாடி. லிஃப்ட் மோட்டார் இருக்கும் அறையில், கிரீஸ் படிந்த கையோடு கம்பிவடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ரிப்பேருக்காக லிஃப்ட்டை நிறுத்தியிருந்ததால் அவர் படியேறி வந்து மூச்சு வாங்கினார். அவளே தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

அவர் தொடங்கினார். நவம்பர், ஜனவரி, பழைய விதி, புது விதி, கப்பல், துறைமுகம். சுற்றிச் சுற்றி அதையே சொன்னார். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். அவருக்குச் சொல்வதற்குத் தேதி தீர்ந்த பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"தேதியெல்லாம் புரிஞ்சுது. நீ அதைக் கேட்டியா அண்ணா?"

"கேட்டேன்."

"எப்படி இருந்துச்சு?"

அவர் சுவரைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். "போன வருஷமும் சரி, இந்த வருஷமும் சரி, அதை மிஞ்சி ஒண்ணும் நான் கேக்கல. மிஷினை நிறுத்திட்டுக் கேட்டேன். அழுதுட்டேன்."

அவள் கையில் இருந்த துணியைக் கீழே வைத்தாள்.

"இதை ஒரு வருஷமா வாய்க்குள்ளயே வெச்சிருந்தியா? நீ ஒண்ணுமே சொல்லலைன்னதும் உனக்குப் பிடிக்கலைன்னு நெனச்சுக்கிட்டேன். வேற யாரு சொல்லாட்டியும் பரவால்ல. டிரம்ஸைப் போன வாரமே குடுத்துட்டேன்."

ரிகர்சல் அறை வாடகைக்கு விடுகிற பெரியவரிடம் கொடுத்திருந்தாள். நிறுத்திட்டேன் என்று அவரிடம் வாய்விட்டுச் சொல்லியும் வந்திருந்தாள். அத்தனை தேதியையும் கட்டிக் காத்தவர், ஒரு வார்த்தையை அதன் நேரத்தில் சொல்லாமல் விட்டுவிட்டார். திருப்பிக் கேட்டு வாங்கலாமா என்று தயங்கிக்கொண்டே கேட்டார். வேண்டும் என்றும் அவள் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. தலையைத் திருப்பிக்கொண்டு, கிரீஸ் இல்லாத முழங்கையால் கண்ணைத் துடைத்தாள். எனக்குப் போய்க் கேட்க வெட்கமாக இருக்கிறது என்று மட்டும் சொன்னாள்.

அவர் படியிறங்கும்போதே டீச்சருக்குப் போன் செய்தார். அந்த ஆல்பத்தை முதல் இடத்தில் போடுங்கள், எந்த வருஷம் என்று போடாதீர்கள், தப்பு என்னுடையது என்று என் பெயரிலேயே எழுதிவிடுங்கள் என்றார். ஆளுக்கு ஆள் பேசுவாங்களே என்றாள் டீச்சர். பேசட்டும் என்றார்.

ரிகர்சல் அறையின் கதவைத் தட்டியபோது உள்ளே நாலைந்து குழுக்காரர்கள் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அத்தனை பேருக்கும் இவரைத் தெரியும். வருஷா வருஷம் இசைத்தட்டுக் கடைக் கதவில் தங்கள் பெயர் வராதா என்று பார்க்கிறவர்கள். பெரியவர் எழுந்து, வாங்க தேதி அண்ணே, பட்டியல் விஷயமா வந்தீங்களா என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். எல்லாருடைய முகமும் இவர் பக்கம் திரும்பியது.

அவர் உட்காரவில்லை. எல்லாருக்கும் கேட்கும்படி சத்தமாகவே சொன்னார்.

"இல்லீங்க. என் தங்கச்சிக்காக வந்திருக்கேன்."