அவரைப் பந்தல் சிலந்தி

என் ஓரகத்தியின் குழந்தை காய்ச்சலில் போய்விட்டது. காலில் ஒரு சிவந்த தடிப்பு இருந்ததாம். போதாதா? என் அவரைப் பந்தலில் வலை கட்டியிருந்த மஞ்சள் பட்டைச் சிலந்திதான் கடித்தது என்று முடிவு கட்டிவிட்டார்கள். அவரைக்கு வரும் பூச்சிகளைப் பிடிக்கிறதே என்று அந்த வலைகளைக் கலைக்காமல் விட்டவள் நான். பழி என் தலையில் விடிந்தது.

எங்கள் மலையில், இந்த அரியூர் நாட்டு ஊர்களில், சாமை அறுப்புக்குக் கூலி ஆள் கிடையாது. இன்று உன் காடு, நாளை என் காடு என்று ஊரே சேர்ந்து அறுக்கும். எங்கள் காட்டுக்கு மட்டும் யாரும் போகக் கூடாது என்று ஊர்க்கவுண்டர் சொல்லிவிட்டார். "வெவரம் தெரிஞ்சவங்க யாராச்சும் அது விஷமில்லைன்னு சொல்லட்டும் கண்ணு, மறுநாளே ஆளுக வரும்" என்று ஒரு வழியும் விட்டார்.

அந்தச் சமயம் பார்த்துப் புளியஞ்சோலை வழியாக இரண்டு பேர் மலையேறி வந்தார்கள். ஒருவர் சேலத்தில் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர், மற்றவர் துறையூர்க் கம்பவுண்டர். இரண்டு பேருக்கும் சிலந்திப் பைத்தியம். அப்பாடா என்று ஓடிப்போய்ப் பந்தலுக்குக் கூட்டி வந்தேன்.

"ஏனுங்க, இது விஷமுங்களா?"

"பேர் தெரியாமல் எதையும் சொல்லக் கூடாதம்மா" என்றார் வாத்தியார்.

அதே வலையின் ஓரத்தில் ஒரு பொடிச் சிலந்தி ஒட்டிக்கொண்டிருந்தது. அது பெரியதன் புருஷன் என்றார் கம்பவுண்டர். இல்லை, வேறு ஜாதி என்றார் வாத்தியார். இவர்கள் புருஷன் சண்டைக்கு நான் கூழ் காய்ச்சி ஊற்றியதுதான் மிச்சம். மறுபடி கேட்டதற்கு, "பொறும்மா" என்றார்கள். கடைசியில் இரண்டையும் ஸ்பிரிட் புட்டியில் போட்டுக்கொண்டு, சேலத்தில் இன்னொரு பெரிய மனிதரிடம் காட்டிவிட்டு வருவதாக இறங்கிப் போனார்கள்.

முற்றிய சாமை யாருக்காகக் காத்திருக்கும்? நானும் என் வீட்டுக்காரரும் ஒரு மூலையை அறுப்பதற்குள் மழை பிடித்துக்கொண்டது. மீதியெல்லாம் கண்ணெதிரே உதிர்ந்து சேற்றில் போனது. அன்றைக்கு நான் அழக்கூட இல்லை. அவ்வளவு ஆத்திரம்.

அதற்கப்புறம் வந்தார்கள், இரண்டு பேரும் சிரித்த முகமாக. கவுண்டர் வாசலில் நின்று வாயில் நுழையாத ஒரு பேரைச் சொன்னார்கள். பொடியன் புருஷனேதானாம்.

"அது கெடக்கட்டுங்க. விஷமுங்களா?" என்றார் கவுண்டர்.

"இதுவா? சேச்சே. கடித்தால் கொஞ்ச நேரம் கடுக்கும், அவ்வளவுதான். பார்த்ததுமே தெரியுமே" என்றார் வாத்தியார்.

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமுங்களே" என்றேன்.

"பேர் உறுதியாக வேண்டாமா அம்மா?"

நல்ல மனிதர்தான். அந்த நல்லதனத்தை நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு எரிகிறது.

கவுண்டர் வாக்குத் தவறவில்லை. மறுநாள் விடிந்ததும் ஊரே அரிவாளோடு எங்கள் காட்டில் வந்து நின்றது. ஓரகத்தியும் வந்திருந்தாள், என் முகத்தைப் பார்க்காமல். மணியில்லாத வெறும் தாளை அறுத்துக் கட்டிக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

முறை என்றால் முறைதானே. அதற்குப் பதிலாக, அந்த வருஷம் நெல் அறுப்பில் அத்தனை பேர் வயலுக்கும் நாங்கள் போய் அறுத்துக் கொடுத்தோம்.