மதயானையின் வாயில் ஒரு பன்

யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். அதைப் பார்த்துக்கொண்ட ஆளின் விலை என்ன என்று கேட்டால் எனோக் பில்பீம் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார். லங்காஷயர் ஆலை ஊர் ஒன்றின் அருங்காட்சியகத்தில், பித்தளைப் பொத்தான் வைத்த நீலக் கோட்டும் கையில் இறகுத் துடைப்பமுமாக, பாடம் பண்ணிய மைசூர் மதயானைக்குக் காவல் நிற்பது அவர் உத்தியோகம்.

‘மைசூர்க் காட்டில் பல உயிர்களைக் குடித்த ஆண் யானை. சர் லயனல் பாட்டர்லி ஒரே குண்டில் வீழ்த்தியது’ என்று பீடத்தில் பொறித்திருந்தது. அதில் யானை என்ற சொல் மட்டும் உண்மை.

அவள் பெயர் மெட்டில்டா. ஊர் ஊராகப் போகும் மிருகக்காட்சிக் கம்பெனியில் பன் தின்று வளர்ந்தவள். “அம்மாவுக்கு ஒரு கும்பிடு போடு” என்று அப்போது பாகனாயிருந்த எனோக் சொன்னால் முன்காலை மடக்குவாள். அவள் உயிர் எதையும் குடித்ததில்லை, பீர் குடித்ததுண்டு. சளி பிடித்தால் இஞ்சி தட்டிப்போட்ட சூடான பீர் ஒரு வாளி. அந்தத் தொழிலில் யானைக்கு அதுதான் கஷாயம். வாளியில் பாதி எனோக்குக்குப் போகும். பாகன் திடமாக இருந்தால்தானே யானை திடமாக இருக்கும் என்பது அவர் கட்சி.

ஒரு நவம்பரில், அடுத்த ஊருக்கு நடத்திப் போகும் வழியில், பனியும் மழையும் கலந்து அடித்தது. ‘மூன்று லாடம்’ மதுக்கடை வாசலில் அவளைக் கட்டிவிட்டு, கஷாயம் வாங்கத்தான் எனோக் உள்ளே போனார். தன் பாதியை முதலில் குடித்தார். உள்ளே கணப்பு இருந்தது, பாட்டும் இருந்தது. வெளியே வந்தபோது மெட்டில்டாவின் முதுகில் வெள்ளையாகப் பனி படிந்திருந்தது. அந்த வாரமே மார்ச்சளி முற்றிப் போய்ச் சேர்ந்தாள்.

“வயசாயிடுச்சுங்க அதுக்கு” என்று முதலாளியிடம் சொல்லிவிட்டார் எனோக். அப்புறம் தேவாலயச் சபையில் எழுந்து நின்று, இனி மதுவைத் தொடேன் என்று சத்தியம் செய்தார். யானைக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

தோலை அருங்காட்சியகம் வாங்கியது. சர் லயனல் மைசூரிலிருந்து கொண்டுவந்தவை ஒரு ஜோடித் தந்தமும் ஏராளமான கதையும்தான். கதைக்கு ஒரு யானை குறைந்தது. காப்பாளர் டாக்டர் விம்போல் அதைச் சரிக்கட்டினார். பாடம் பண்ணுகிறவரை அழைத்து, வாயைப் பிளக்கவைத்து, தந்தத்தைப் பொருத்தி, துதிக்கையைத் தூக்கி நிறுத்தினார். நெற்றியில் தச்சன் துளை போட்டான். செத்த பிறகு ஆணாகி, ஆன பிறகு சுடப்பட்ட யானை வேறெங்கும் உண்டா, தெரியவில்லை. உடம்பின் வாகு சொல்ல எனோக்கைக் கூப்பிட்டார்கள். வாயைத் திறக்கக்கூடாது என்று சொல்லி வேலையும் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டார். தினமும் தூசி தட்டுவார், கண்ணாடிக் கண்களை மட்டும் பார்க்காமல்.

பெந்தெகொஸ்தே திங்கட்கிழமை ஆலைகளுக்கு விடுமுறை. கூடம் நெரிந்தது. நடுவே ஒரு பருத்த அம்மாள் குடையை நீட்டிக் கூவினாள்:

“அடியாத்தி! இது நம்ம மெட்டில்டால்ல?”

‘மூன்று லாடம்’ கடைக்காரி மிசஸ் சக்டன்! எனோக் யானையின் காலைத் தூசி தட்டத் திரும்பினார். மீசையை மழித்திருந்ததால் அவளுக்கு அவரை அடையாளம் தெரியவில்லை.

“இது மைசூர் மதயானைம்மா. ஆம்பள யானை.”

“இது ஆம்பளன்னா நான் பிஷப்பு! அந்தக் காதுக் கிழிசலைப் பாருங்க. எங்க கடைப் பலகையில மாட்டிக் கிழிஞ்சது.”

“யானைக் காதுன்னா கிழியத்தாம்மா செய்யும்.”

“இவளை ஒரு குடிகாரப் பய ஓட்டிட்டு வருவான். அவனைத் தெரியுமாய்யா உங்களுக்கு?”

“தெரியாதும்மா. அப்படி ஒரு ஆளை நான் பாத்ததே இல்ல.”

மூன்றாவது மறுதலிப்பு, சேவல் கூவுமுன் குருவைத் தெரியாதென்ற பைபிள் சீடனைப் போல. தவறாமல் சபைக்குப் போகிறவருக்கு எண்ணத் தெரியாதா? எதிர்ப் பெட்டியில் பாடம் பண்ணிய சேவல் ஒன்று நின்றது. அது கூவவில்லை. கூவியிருந்தால் தேவலை.

மிசஸ் சக்டன் பையிலிருந்து ஒரு பன்னை எடுத்துக் குடை நுனியில் குத்தி, பிளந்த வாய்க்குள் தள்ளினாள். “தின்னுடி கண்ணு. அன்னிக்கு மழையில ஜன்னல் வழியா தும்பிக்கையை விட்டு அந்தப் பயலைத்தானே தேடின! அவன் பாட்டு பாடிக்கிட்டிருந்தான்.”

சத்தம் கேட்டு டாக்டர் விம்போல் வந்துவிட்டார். “பில்பீம், அந்தக் கண்றாவியை வெளிய எடு. எலி வரும்.”

எனோக்கின் கை யானையின் வாய்வரை போனது. அங்கேயே நின்றுவிட்டது.

“அவ இன்னும் தின்னு முடிக்கல, சார்.”

“அவளா?”

“அவதான் சார், மெட்டில்டா. அந்தக் குடிகாரப் பய நான்தான்.”

“அப்ப சர் லயனல் யாரைச் சுட்டாராம்?” என்றது கூட்டத்தில் ஒரு குரல். கூடமே சிரித்தது. காப்பாளரின் முகம் செங்கல்லாகச் சிவந்தது. “கோட்டைக் கழட்டி வெச்சிட்டுப் போ” என்றார்.

எனோக் பொத்தான்களைக் கழற்றத் தொடங்கினார். மிசஸ் சக்டன் மட்டும் சிரிக்கவில்லை. கிட்டே வந்து முகத்தை உற்றுப் பார்த்தாள்.

“ஏன்யா, அவ தேடினது உனக்குத் தெரியுமா, தெரியாதா?”

கடைசிப் பொத்தான் கழலச் சற்று நேரம் பிடித்தது.

“பாத்தேன்மா. ‘இருடி, இந்தப் பாட்டு முடியட்டும்’னு சொன்னேன்.”