ஒழுகியும் ஒழுகாமலும் இருந்த வீடு

மரியதங்கம் டீச்சர் காலமான செய்தியை எனக்குக் கொண்டுவந்தவர் கோட்டாறு ஜவுளிக்கடைக்காரர். "டீச்சரம்மா போயிட்டாவ" என்று துண்டால் முகத்தைத் துடைத்தவர், அதே மூச்சில், "அப்போ வீடு இனி சும்மாதானே கெடக்கும்?" என்றார். இன்னும் அடக்கமே ஆகவில்லை என்று சொல்லி அனுப்பினேன்.

நம் பள்ளியில் அவரைத் தையல் டீச்சராக எல்லோரும் அறிவீர்கள். அவரோடு வேலை பார்த்த டீச்சரான எனக்கு அவர் வாடகைக்காரியும்கூட. சுதந்திரம் வந்த வருஷம் என் தாய்மாமா இறந்து, கோட்டாறில் இருந்த ஓட்டு வீடு எனக்கு வந்தது. அதில் டீச்சர் பல வருஷங்களாகத் தனியாகக் குடியிருந்தார். பழுது பார்ப்பதா, விற்பதா என்று என்னால் முடிவுசெய்ய முடியவில்லை.

முதலில், கும்ப மாத வெயிலில் ஆசாரியை அனுப்பினேன். போன வேகத்தில் திரும்பினார். "ஒரு சொட்டு ஒழுகல்லண்ணு டீச்சர் சொல்லுதாவ. பின்ன எதுக்கு கூரையைப் பிரிக்கணும்?"

சரி, விற்றுவிடலாம் என்று இடவப்பாதி மழையில், வீட்டை விலைக்குக் கேட்டிருந்த அந்த ஜவுளிக்கடைக்காரரை அனுப்பினேன். அவரும் நனைந்து திரும்பினார். "உள்ள ஏழு சட்டி வச்சிருக்காவ. எட்டாவது எடத்துக்கு என் கொடையைக் கேட்டாவ."

நான் ஒரு சாட்சியை மட்டும் வைத்து எதையும் நம்புவதில்லை. ஒரு சனிக்கிழமை இருவரையும் சேர்த்தே கூட்டிப்போனேன். ஒழுகும், ஒழுகாது என்று வாசலிலேயே சண்டை. டீச்சர் தையல் மிஷினிலிருந்து காலை எடுக்கவில்லை. "ஆசாரி கேட்டது கும்பத்துல. ஒழுகல்ல. இவரு கேட்டது இடவத்துல. ஒழுகிச்சு. வேதத்தைத் தொட்டுச் சொல்லுதேன், ரெண்டும் சத்தியம்."

அவர்கள் போனதும், "ரெண்டு மாசம் மார்த்தாண்டத்துல உங்க தங்கச்சி வீட்டுல இருங்க டீச்சர், ஓடு மாத்தியிரலாம்" என்றேன்.

"வெளிய போன வாடகைக்காரியைத் திரும்பக் கூப்பிட்ட வீட்டுக்காரி நாகர்கோயில்ல உண்டா டீச்சர்?"

'நான் கூப்பிடுவேன்' என்று சொல்ல வாய் திறந்தேன். சொல் வரவில்லை. வீடு காலியானால் விற்பது எளிது என்று அந்த நிமிஷம் வரை நினைத்துக்கொண்டுதான் இருந்தேன். டீச்சர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு கூரையைப் பார்த்தார்.

"மூணு முறி உண்டுல்லா. ஒண்ணைப் பிரிக்கும்போ அடுத்ததுல இருந்துக்கிடுவேன்."

அப்படியே நடந்தது. கட்டிலும் மிஷினும் அறை அறையாக நகர்ந்தன. ஒருநாளும் அவர் வெளியே தங்கவில்லை. வானம் தெரிந்த கூரைக்குக் கீழே நின்று, "ஏலே, அந்த ஓடு என் தலைக்கு மேல வரப்போறது, பாத்து வை" என்று அதட்டுவார். விற்கும் பேச்சை நான் அதன்பின் எடுக்கவில்லை. சென்ற வாரம் அந்த வீட்டில்தான் கண்மூடினார்.

நான் வாயடைத்து நின்ற அந்தச் சனிக்கிழமைக்கு அடுத்த திங்கட்கிழமை, ஆசிரியர் அறையில் அவருக்கு எதிரே உட்காரத் தயங்கினேன். அவர் வழக்கம்போல் டிபன் டப்பாவைத் திறந்து, அவித்த மரச்சீனிக் கிழங்கில் பெரிய துண்டை என் பக்கம் தள்ளினார். என்னைச் சரியாகத் தெரிந்துகொண்ட பிறகும் என் பங்கைக் குறைக்கவில்லை. அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்தப் பெரிய துண்டைத்தான்.