ஓட்டுநரின் பங்கு

வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைந்ததும் டூகல் மெக்ஹார்டி கோட்டைக் கழற்றமாட்டார். கோட்டோடேயே மனைவி எல்ஸ்பெத்தின் கட்டிலருகே உட்கார்ந்து, பைக்குள்ளிருந்து அன்றைய குட்டிப் புட்டிகளை எடுத்து ஜன்னல் விளிம்பில் நிறுத்துவார். விஸ்கி வடிசாலைகளுக்கு ஆட்களை ஏற்றிப்போகும் ஓட்டுநர் அங்கே குடிக்க முடியாது என்பதால், அவர் பங்கைக் கட்டைவிரல் உயரப் புட்டியில் ஊற்றிக் கையில் கொடுத்துவிடுவார்கள். அதில் ஒன்றைத் திறந்து தன் உள்ளங்கையில் சில சொட்டுகள் விடுவார். பக்கவாதத்தில் எல்ஸ்பெத்தின் வலது கை விழுந்துவிட்டதால், இடது கையை அவர் கையோடு வைத்துத் தேய்ப்பாள். ஈரம் சூடாகிக் காய்ந்ததும் இரண்டு கைகளையும் மூக்கருகே இழுத்துக்கொண்டு கண்ணை மூடுவாள்.

“ம். யாரு குடிச்சா இத?”

“டீச்சரம்மா ஒருத்தி. நாட்டிங்ஹாம். இப்பத்தான் முதல் தடவையா மால்ட் விஸ்கி குடிக்கிறாளாம்.”

“மத்தியானம் என்ன சாப்பிட்டா?”

“மீன் சூப். வாயில வைக்கிறதுக்கு முன்னாடியே உப்பு போட்டுக்கிட்டா.”

“அப்ப ஷெர்ரி ஒயின் பீப்பாய்ல கெடந்தத நீட்டாத. தித்திப்புன்னு மூஞ்சியச் சுளிப்பா. நாளைக்குக் கடைக்கு வருவாள்ல, கடலோரத்துச் சரக்கா ஒண்ணு காட்டு.”

மறுநாள் சுற்று முடிகிற விஸ்கிக் கடையில் டூகல் அதை அப்படியே சொல்வார். அவரோ வயிற்றுப்புண் வந்த காலத்திலிருந்து ஒரு சொட்டும் தொட்டதில்லை. எல்ஸ்பெத் படுக்கையில் விழும்வரை ஒரு வடிசாலையில் பீப்பாய்களை முகர்ந்து தரம் பிரித்தவள். வேனில் வருகிறவர்களுக்கு இதெல்லாம் தெரியாது. விஸ்கி ஊரான டஃப்டவுனில் நெட்டா என்பவளின் வேனில் போனால் ஓட்டுகிறவர் உங்களுக்கென்றே ஒன்றைப் பொறுக்கித் தருவார் என்று புதிதாய்க் குடிக்க வருகிறவர்கள் கேள்விப்பட்டு வந்தார்கள்.

பிப்ரவரியில் எல்ஸ்பெத் இறந்தாள். அடக்கம் முடிந்து எல்லோரும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, வீட்டுக்கு வந்து பார்த்துக்கொண்ட நர்ஸ் ஷீனா அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“பாவம், அத்தனை வருஷம் மூக்க வச்சே பொழைச்சவ. வாதம் வந்தப்பவே மோப்ப சக்தியும் போயிடுச்சே, மிஸ்டர் மெக்ஹார்டி. எப்பவாவது டீசல் வாடை மட்டும் வருது, அது டூகல் வந்துட்டாருன்னு அர்த்தம்னு சொல்லிச் சிரிப்பா.”

“அப்படியா.”

“உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்.”

“தெரியும்,” என்றார் டூகல். கையிலிருந்த சான்ட்விச் தட்டை அடுத்தவரிடம் தள்ளினார். பல் டாக்டர் ஊசி போட்ட கன்னம்போல் மார்புக்குள் ஓரிடம் இருந்தது. தட்டிப் பார்த்தால் இருப்பது தெரியும், வலி தெரியாது.

குளிர்காலத்தில் நின்றிருந்த வேன் ஏப்ரலில் மறுபடி ஓடத் தொடங்கியது. முதல் சுற்று கிளம்பும் காலையில் நெட்டா சாவியைக் கொடுத்துவிட்டு வழிமறித்து நின்றாள். வேனும் கடையும் அவளுடையவை.

“வெளிப்படையாவே சொல்லிடறேன் டூகல். வண்டி ஓட்ட எவன் வேணா வருவான். ஜனங்க வர்றது உன் வாய்க்கு. போன வாரம் ஒத்திகைச் சுற்றுல நீ உம்முன்னு நின்னே. இந்தச் சுற்றும் அப்படின்னா நான் வேற ஆள் பாக்கணும்.”

“பேசறேன்.”

முதல் நாள் மூன்று வடிசாலைகள். வந்தவர்கள் ஆறு பேர். டூகல் எல்ஸ்பெத்தின் பழைய வாக்கியங்களை வரிசையாகச் சொன்னார். ஒவ்வொன்றும் எப்போதோ யாருக்கோ சொன்னது. தலையாட்டினார்கள், கைபேசியைப் பார்த்தார்கள்.

இரண்டாம் நாள் பிற்பகல் கடையில், கார்லைலிலிருந்து நண்பனோடு வந்திருந்த காலின் என்ற தபால்காரன் தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்தான்.

“எது வாங்கலாம்?”

டூகல் கைக்கு வந்த புகைவாடைச் சரக்கைச் சின்னக் கிளாஸில் ஊற்றி, “மழையில நனைஞ்சிட்டு வந்து அடுப்புப் பக்கத்துல உக்காந்த மாதிரி இருக்கும்,” என்றார். காலின் ஒரு வாய் விழுங்கி, கண்ணில் நீர் வர இருமினான்.

“என்னடா, அடுப்பையே முழுங்கிட்டியா?” என்றான் நண்பன். மற்றவர்கள் சிரித்தார்கள். நெட்டா சிரிக்கவில்லை. கல்லாவைத் துடைத்தாள், துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள்.

“டயர்ல காத்துப் பாத்துட்டு வர்றேன்,” என்று டூகல் வெளியே போனார்.

வேனுக்குள் ஈரக் கோட்டுகளின் வாடை. டயரைப் பார்க்கவில்லை. ஸ்டியரிங்கில் கைவைத்து உட்கார்ந்தார். வாய் தானாகத் திறந்தது.

“கார்லைல் ஆளு. தபால் குடுக்கறவன். சூப்ப ஆறவச்சுத்தான் குடிச்சான். ஓட்ஸ் ரொட்டிய ரெண்டா ஒடச்சு, பாதியப் பேப்பர்ல சுத்திப் பைக்குள்ள வச்சுக்கிட்டான். மத்தவங்க குடிச்சு முடிக்கற வரைக்கும் கிளாஸ ஒதட்டுக்கிட்ட கொண்டுபோகல.”

எல்ஸ்பெத்தின் கட்டிலருகே சொல்வதுபோலவே சொன்னார். அவள் பதில் எதுவாக இருக்கும் என்று தெரிந்தது, தினம் ஓட்டுகிற சாலையில் அடுத்த வளைவு தெரிவதுபோல. இறங்கி உள்ளே போனார்.

“அது ஒங்களுக்கு இல்ல, என் தப்பு. இத எடுங்க. வயசு கம்மி, லேசானது, போர்பன் விஸ்கி இருந்த பீப்பாய்ல கெடந்தது. நாலஞ்சு சொட்டு தண்ணி விட்டுட்டு, அவசரப்படாம அத சும்மா வையுங்க.”

காலின் கிளாஸை வைத்துவிட்டுக் காத்திருந்தான். யாரும் அவசரப்படுத்தவில்லை. பிறகு ஒரு வாய்.

“ஆப்பிள் வெட்டி வச்ச மாதிரி இருக்கு.”

“இருக்கலாம். எனக்குத் தெரியாது. நான் குடிக்கிறதில்ல.”

“அப்புறம் எதை வச்சு சொல்றீங்க?” என்றான் நண்பன்.

“அவரு சூப் குடிச்சத வச்சு.”

காலின்கூடச் சிரித்துவிட்டான். வேனில் வந்திருந்த இன்னொருவன், அடுத்து அவன் தங்கை என்று ஒவ்வொருவராக டூகலைச் சூழ்ந்துகொண்டு, தாங்கள் என்ன சாப்பிட்டோம் என்று சொல்லத் தொடங்கினார்கள். நெட்டா புட்டியைத் தாளில் சுற்றியபடி, தலை நிமிராமல், “கோடை முழுக்க உன் பேரையே போட்டுடறேன்,” என்றாள்.

“சரி.”

வேலை நிலைத்துவிட்டது. சந்தோஷம் எங்காவது இருக்கிறதா என்று டூகல் தேடிப் பார்த்தார். விரல்கள் சில்லிட்டிருந்தன, அவ்வளவுதான். ஆட்களை எண்ணி ஏற்றிக்கொண்டு எஞ்சினை முடுக்கினார்.

மறு வசந்தத்தில் அந்த நண்பன் தன் மனைவியோடு வந்தபோதுதான் தெரிந்தது: காலின் அந்தப் புட்டியைத் திறக்கவே இல்லை. அவன் வாங்க வந்ததே ஊர்ச் சங்கத்தின் கிறிஸ்துமஸ் குலுக்கலில் பரிசாக வைக்கத்தான். எதுவானாலும் போதும் என்று சொல்லக் கூச்சப்பட்டு, தந்ததை வாங்கிக்கொண்டு போயிருக்கிறான். குலுக்கலில் அது யாருக்கு விழுந்தது என்று நண்பனுக்கு நினைவில்லை.