ஜாபர் பாய் குடோனும் மூணாவது பேட்டரியும்

அன்னைக்கு அந்த உப்பு குடோன் ஆபீஸ்ல இருந்தது நாலு பேர். முதலாளி ஜாபர் பாய், கணக்கு பார்க்கிற மேரி அக்கா, ராத்திரி வாட்ச்மேன் சவரிமுத்து அண்ணன், அலாரம் ரிப்பேர் பண்ற நான்.

எட்டாவதோட படிப்பை விட்டவன் நான். வேலை தெரியும், ஆனா பயம் ஜாஸ்தி. மரக்காணத்துல இருக்கிற அந்த குடோன்லேர்ந்து போன் வந்தாலே எடுக்க யோசிப்பேன். புது அலாரம் மாட்டினதுலேர்ந்து, ஒரு வாரமா அந்த குடோன் சைரன் விடியக்காலையில தானாக் கத்திக்கிட்டிருந்தது. திருடனும் இல்ல, பூனையும் இல்ல.

"ஏம்பா, இது நீ மாத்துற மூணாவது பேட்டரி. நீ அலாரம் பாக்குறியா, பேட்டரி யாவாரம் பண்றியா?" பாய் கேட்டார். நான் டூல்ஸ் பையைத் திறந்தேன். அவர் சவரிமுத்து அண்ணன் பக்கம் திரும்பினார். "சவரி, நீதான் உள்ள பூந்து எதையோ நோண்டுற. நாளைக்கு வேற வாட்ச்மேன் வர்றான். நீ வேலையை விட்டு நின்னுக்கோ."

"சாவி உங்க இடுப்புல இருக்குது பாய். நான் எப்படிப் பூருவேன்?"

"கூரை ஓட்டைப் பிரிச்சு எறங்கியிருப்பாரு," மேரி அக்கா சொன்னாங்க.

"இந்தத் தொப்பையோடவா மேரி?"

அண்ணன் சிரிச்சார். ஆனா முகம் வெளுத்திருந்தது. அவர் பொண்ணு காலேஜ் சேர்ந்த வருஷம் அது.

சுவத்துல இருந்த அலாரம் பேனலைத் திறந்தேன். கரண்ட் இருக்குது, சார்ஜிங் சரியா ஏறுது. பேட்டரியைத் தனியாக் கழட்டி மீட்டர் வெச்சா, ஒம்பது வோல்ட்டுதான். பன்னெண்டுக்கு மேல நிக்கணும். பேட்டரி காலியானா பேனல் செத்துடும். வெளியே இருக்கிற சைரன், ஒயரை யாரோ வெட்டிட்டாங்கன்னு தன்னோட குட்டி பேட்டரியில கத்த ஆரம்பிக்கும். அது தெரியுது. புது பேட்டரி ஏன் காலியாகுது? அதான் தெரியல. என் வேலையும் போச்சுன்னே நினைச்சேன்.

அன்னைக்கு வெள்ளிக்கிழமை. "ஜும்மா தொழுகைக்கு நேரமாச்சு, எல்லாரும் வெளிய வாங்க"ன்னு பாய் கிளம்பினார். மத்தவங்க வாசலுக்குப் போயிட்டாங்க, நான் டூல்ஸ் எடுத்துக்கிட்டிருந்தேன். பாய் செருப்பை மாட்டிக்கிட்டே, பார்க்காமலே, கதவோரம் கையை நீட்டி மெயின் சுவிட்சை இறக்கினார். பேனல்ல பச்சை லைட் அணைஞ்சுது.

"பாய், தினமும் இப்படித்தான் பண்றீங்களா?"

"பின்ன? உப்புச் சுவரு, ஈரத்துல ஷாக் அடிக்கும். எங்க அத்தா காலத்துலேர்ந்து பூட்டறப்ப மெயின் ஆஃப்தான். காலையில வந்து போடுவேன்."

ராத்திரி பூரா பேட்டரி மட்டும் பேனலைத் தூக்கிச் சுமந்திருக்குது. நான் எப்ப வந்தாலும் பகல்ல வந்தேன், கரண்டும் சார்ஜிங்கும் சரியாவே காட்டுச்சு. விஷயத்தைச் சொன்னேன். பாய் மெயினைத் தூக்கிப் போட்டுட்டு, போனை எடுத்து அந்தப் புது ஆளை வர வேணாம்னு சொன்னார்.

"சவரி, சாயந்திரம் வந்துடு," வாசல்ல நின்ன அண்ணன்கிட்ட சொன்னார்.

"வர்றேன் பாய். நீங்க பூட்டறப்ப கையைப் பாக்கெட்டுல வெச்சுக்கோங்க."

மெயினுக்கு முன்னாலேயே பேனலுக்குத் தனி லைன் இழுத்து, தனி டிரிப்பர் சுவிட்ச் போட்டேன். மெயின் இப்பவும் தினமும் இறங்குது, அலாரம் நிம்மதியா இருக்குது.

இந்த வேலைக்கு வர்ற தம்பிங்களா, பேட்டரி திரும்பத் திரும்பச் செத்தா, மீட்டரைப் பையில வெச்சுட்டு, அவங்க பூட்டிட்டுக் கிளம்புற வரைக்கும் கூட நில்லுங்க.